ஒரே நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு மரணம்

லவீனா தேத்தண்ணியில் வாய் வைக்கவில்லை, அதற்குள் அச்சுவேலியிலிருந்து ஒரு பெண் போனில் ஏசத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா செத்து ஏழு வருசம். இண்டைக்குச் செத்தவரெண்டு போட்டிருக்கிறியள். விடியத் தொடக்கம் சனம் எடுத்துத் துக்கம் விசாரிக்குது. உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?"

பிழை லவீனாவுடையதுதான். அந்த அறிவித்தல் வந்தது கனடாவிலிருந்து ஜெயரூபன் நடத்துகிற இணையத்தளத்தில். பெயர் என்னவோ செய்தித்தளம், வயிறு வளர்ப்பது மரண அறிவித்தலில். ஜூம்லா என்ற பழைய மென்பொருளிலிருந்து அதை வேர்ட்பிரஸுக்கு மாற்ற, குருநகர் வீட்டின் சின்ன அறைக்குள் மூன்று கிழமை மாரடித்தாள். எல்லாவற்றையும் கொண்டுவந்தவள், அட்டவணையில் தேதிகள் இருந்த நிரலை மட்டும் இணைக்க மறந்துபோனாள். தேதி இல்லாத பதிவுக்கு வேர்ட்பிரஸ் இன்றைய தேதியைப் போட்டுவிடும். ஆக, பன்னிரண்டு வருட அறிவித்தல்களில் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் இன்று காலை ஒன்றாகச் செத்து, முகநூலுக்கும் போய்விட்டார்கள். உள்ளே எழுதியிருப்பதை யார் வாசிக்கிறார்கள்? மேலே படம், பெயர், இன்றைய தேதி. சனத்துக்கு அது போதும்.

ஜெயரூபனுக்குப் போன் எடுத்தாள். அவன் சிரித்தான்.

"உதை விடு பிள்ளை. இண்டைக்கு மட்டும் நாற்பதாயிரம் பேர் பாத்திருக்கினம். இண்டைக்குக் கை வைக்காதை, கிடக்கட்டும்."

"சனம் குழறுது அண்ணை."

"செத்த ஆக்கள்தானே, திரும்பவும் சாகப் போகினமே?"

லவீனா போனை வைத்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ஆட்களைக் கண்டிருக்கிறாள். இவன் சாம்பலையும் அள்ளுகிற சாதி. ஒவ்வொரு பிணத்துக்குப் பக்கத்திலும் ஒரு நகைக்கடை விளம்பரத்து மணப்பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளை அந்த இடத்தில் வைத்ததும் லவீனாவின் கைதான். அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருத்தது.

திரையைக் கீழே இழுத்தபோது ஜஸ்ரின் வந்தான். இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் கத்தரீனா அன்ரியின் மகன். 2009இல், போரின் கடைசி நாள்களில், மாத்தளனில் ஷெல் விழுந்து செத்தவன். அன்ரி தன் கையால் குழி தோண்டி மூடிவிட்டு ஓடிவந்தவள். பிற்பாடு ஒரு நினைவுநாளுக்கு அவள் போட்ட அறிவித்தல் அது.

லவீனா செருப்பையும் மறந்து ஓடினாள். தளத்தை மூட ஒரு தட்டுப் போதும். சேர்வரின் கடவுச்சொல் இன்னும் அவளிடம்தான் இருந்தது. ஜெயரூபன் ஏசினால் ஏசட்டும், வேலை போனால் போகட்டும். ஓடிக்கொண்டே கைபேசியில் உள்ளே நுழைந்தாள்.

கத்தரீனாவின் முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. அன்ரி கறுப்புச் சீலை கட்டியிருந்தாள்.

"மன்னியுங்கோ அன்ரி, என்ரை பிழை. இந்தா, இப்ப மூடுறன்."

கத்தரீனா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம் பிள்ளை. கொடிகாமத்திலை இருந்து சுரேஸ் ஆக்கள் வருகினமாம். ஜஸ்ரினோடை ஒரே வள்ளத்திலை தொழிலுக்குப் போன பொடியள். அவன் வெளிநாட்டிலை எங்கையோ இருக்கிறானெண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருக்கினம். அண்டைக்கு அவனுக்கு ஒரு சனம் வரேல்லை. இண்டைக்கு மட்டும் கிடக்கட்டும்."

ஜெயரூபன் கேட்டதும் இதைத்தான். லவீனாவின் விரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது. வாயில் கசப்பு ஊறியது, யாரைப் பார்த்துத் துப்புவது என்று தெரியவில்லை.

படலையில் ஆட்டோ வந்து நின்றது. நரை விழுந்த ஒருவன் பெரிய மாலையைத் தோளில் தாங்கிக்கொண்டு இறங்கினான். கதிரைகளைக் கடந்து வந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அவனை எங்கையம்மா கிடத்தியிருக்கு?"

கத்தரீனா மாலைக்கு இரண்டு கைகளையும் நீட்டினாள்.