போதும் என்று சொல்லும் ஆள்

ஒரு படம் எப்போது முடிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை வருடம் வரைந்தும் அது மட்டும் கைவரவில்லை. அதைச் சொல்வது என் வீட்டுக்காரரின் வேலை.

நான் வரைவது மெஷின்களை. ஆனால் பார்த்தால் மெஷின் மாதிரி இருக்காது. பலகைக்கு மூன்று கோட்டிங் கறுப்பு அடிப்பேன். காய்ந்ததும் டேப்பை பிளேடால் நூல் நூலாக நறுக்கி ஒட்டி, மேலே கண்ணைப் பறிக்கும் பச்சை, ரோஸ், நீலம் என்று தெளிப்பேன். டேப்பை உரிப்பேன். அதன்மேல் மறுபடி கறுப்பு, மறுபடி டேப், மறுபடி வண்ணம். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அடியில் புதைந்த வெளிச்சம் அங்கங்கே எட்டிப் பார்க்கும். ஆள் கிடையாது, முகம் கிடையாது. இருட்டில் ஓடும் கோடுகள் மட்டும்தான். காட்சிக்கூடத்துக்காரர்கள் இதற்கு, ஏதோ வருங்கால மெஷின் உலகமாம், 'சைபர்பங்க்' என்று பெயர் வைத்து அழைப்பிதழில் அச்சடித்தார்கள். என் மகள் வைத்த பெயர் 'எரிஞ்சுபோன ஃபியூஸ் பாக்ஸ்'.

இந்த வேலையில் ஒரு வம்பு உண்டு. தேய்ப்பு குறைந்தால் படம் ஊமையாக நிற்கும். கொஞ்சம் கூடினால் எல்லா அடுக்கும் கலந்து சேறாகிவிடும், போன அடுக்கைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எனக்கோ கை நிற்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தே நல்ல நல்ல பலகைகளைக் குட்டிச்சுவராக்கியவள் நான். சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து கதவருகே நிற்பார். "போதும்மா, விடு" என்பார். விட்டுவிடுவேன். அந்தப் படம் பிழைத்துவிடும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று தாங்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? பசி எடுத்தா போதும்னுடுவேன். நீ எந்திரிச்சாத்தானே எனக்குச் சாப்பாடு?" என்றார் அந்த மனுஷன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவரைப் பிடித்துக் கத்தினேன். என் கலையெல்லாம் இவர் வயிற்றை நம்பியா நடந்திருக்கிறது என்று ஆத்திரமான ஆத்திரம். ஆனால் அடுத்த படத்துக்கும் அவர் வரும்வரைதான் காத்திருந்தேன். வேறென்ன செய்வது?

ஒரு நாள் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்துவிட்டார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாயில் குழாய், கழுத்தில் ஊசி, விரல் நுனியில் சிவப்பு விளக்கு. கட்டிலுக்கு மேலே ஒரு திரை. கறுப்பில் பச்சைக் கோடு, அதன் கீழே நீலக் கோடு. ஐயோ, அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று. சீ, என்ன ஜென்மம் நான்!

அன்றிலிருந்து அந்தத் திரையே கதி என்று உட்கார்ந்தேன். கோடு ஏறினால் உயிர் வரும். இறங்கினால் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்துவேன். அவள் பொறுமைசாலி.

"அக்கா, அந்தக் கோட்டுல ஓடுற மூச்சு மெஷின் விடுறது. அவர் விடல" என்றாள் ஒரு தடவை.

"உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

டாக்டருக்குச் சின்ன வயதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அம்மா, மூளை இனிமே திரும்பாது. ஒண்ணுக்கு ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிட்டோம். மெஷின எடுத்துடலாம். ஆனா அத நீங்கதான் சொல்லணும்."

"நானா?"

"நீங்கதானேம்மா மனைவி."

உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இந்தக் கேள்வியைப் போயும் போயும் என்னிடமா கேட்க வேண்டும்!

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம் டாக்டர்" என்றேன்.

பார்த்தார்கள். ரத்த அழுத்தம் விழுந்தது, மருந்து ஏற்ற ஒரு பம்பு வந்தது. சிறுநீரகம் நின்றது, அதற்கொரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இது வேணாம்னும் நீங்க சொல்லலாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் "வைங்க" என்றேன். உடம்பு ஊதிப்போய், விரலில் இறுகிய மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். முதுகில் தோல் உரிகிறது என்று நர்ஸ் சொன்னாள். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. திரையில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

மகள்தான் என்னை வெளியே நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பாவ நீ என்ன பண்ணிட்டிருக்கன்னு தெரியுதாம்மா உனக்கு?"

"காப்பாத்திட்டிருக்கேன்."

"இல்லம்மா. தேய்ச்சிட்டிருக்க."

அறையக் கையை ஓங்கிவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பக்கூட இல்லை.

"அடிச்சுக்கோ. அடிச்சிட்டு உள்ள போய்ச் சொல்லு. நான் சொன்னா ஏத்துக்க மாட்டேங்கறாங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

பெற்ற பெண் தனியாகப் போய் அப்பாவுக்காக இதைக் கேட்டிருக்கிறாள். என் கை தானாகக் கீழே இறங்கியது. டாக்டர் அறைக்குப் போய்த் தலையை மட்டும் ஆட்டினேன். "வாயால சொல்லணும்மா" என்றார், பாவி. சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

நர்ஸ் வந்து முதலில் செய்த காரியம், அந்தத் திரையை அணைத்தது.

"அத ஏம்மா அணைக்கிற?" என்று பதறினேன்.

"வீட்டு ஆளுங்க அதையே பாத்துட்டு நிப்பாங்கக்கா. அவர யாரும் பாக்க மாட்டாங்க. அதான்."

வெறும் கறுப்பிலிருந்து கண்ணை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகுதான் அவரைப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது, பாதிக்கு மேல் நரை. உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி எடுத்த இடம் புண்ணாகியிருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது? நான் பக்கத்திலேயேதானே இருந்தேன்! என் ராஜா, இவ்வளவும் பட்டுக்கொண்டா கிடந்தாய்?

குழாயை எடுத்தார்கள். மகள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், நான் ஒரு கையை. ஒரு மூச்சு வந்தது. நின்றது. மறுபடி ஒன்று வந்தது போல இருந்தது. நெஞ்சு அசைகிறதா, அழுது வீங்கிய என் கண்தான் அசைகிறதா? கோடு இல்லை, எண் இல்லை, நான் எதை வைத்துச் சொல்வது? மகள் அவர் நெற்றியில் முகத்தைப் பதித்துக் கதறினாள். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த மூச்சுக்காகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில் நர்ஸைத்தான் கேட்டேன்.

"முடிஞ்சிடுச்சாம்மா?"

"அப்பவே முடிஞ்சிடுச்சுக்கா" என்றாள்.