ரிஸ்ஸாவின் தாயத்து

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நைஜரின் பாலைவன ஊரான அகாடெஸில் என் வீட்டுக்கு எதிரே அக்முடுவின் வெள்ளிப் பட்டறை. டீ குடிக்கப் போனேன், மாட்டிக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலைவன நிலவைப் போன்ற வெள்ளி—' வேண்டாம். அக்முடு கேட்டால் சிரிப்பான். அவனுக்கு வெள்ளி என்றால் கரியும் புகையும்.

2

லாரி ஓட்டும் ரிஸ்ஸா கழுத்திலிருந்து தாயத்தைக் கழற்றிக் கொடுத்தான். சதுர வெள்ளிப் பெட்டி, மூடியின் ஒட்டு விட்டுப் போயிருந்தது.

"மதியம் பில்மாவுக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள மூடியைப் பத்த வச்சுடு. உள்ள இருக்கறதுல உன் அழுக்குக் கை படக் கூடாது."

"உன் கழுத்தைவிட என் கை சுத்தம்தான், போ" என்றான் அக்முடு. (தட்டான் யாரையும் எதுவும் சொல்லலாம். இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.)

நெருப்பில் வைக்குமுன் உள்ளே காப்புக்காக மௌலவி ஓதி எழுதிக் கொடுத்த தாளை எடுத்தாக வேண்டும். மூடியைத் தூக்கினான். உள்ளே ஒன்றுமில்லை.

3

சற்று நேரத்தில் ரிஸ்ஸாவின் மனைவி அசலாமா மூச்சிரைக்க வந்தாள். [முதல் பிரதியில் இவளைத் திருடியாக எழுதினேன். ஒரு பக்கம். கிழித்தாயிற்று.]

"தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன். உன் புருஷன் காத்தைக் கழுத்துல கட்டிட்டு அலையறான்."

அவள் சிரிக்கவில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னால என் பொண்ணு தீமாவுக்கு மூச்சே விட முடியல. அந்த மனுஷன் தூங்கறப்போ தாளை எடுத்து, அவ கழுத்துத் துணியில வச்சுத் தைச்சேன். பொண்ணு பொழைச்சுட்டா. அவனும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துட்டான். இப்ப அவ கழுத்துலேருந்து பிடுங்கவா, இல்ல இவன் நம்பிக்கையைப் பிடுங்கவா?"

"வேற எழுதி வாங்கேன்."

"அந்த மௌலவி செத்துப் போயிட்டாரு. அவர் எழுத்தை நம்பித்தான் இவன் மணல்ல இறங்கறான்."

அக்முடு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூடித் தர்றேன். ஆனா அவன் கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்காம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

4

ரிஸ்ஸா கேட்காமல் போகிறான் என்று முடிக்கலாம். சோம்பேறி முடிவு. உண்மை தெரிந்து அசலாமாவை வீட்டை விட்டுத் துரத்துகிறான் என்றால்— அதுவும் நடக்காது. இங்கே வீடு பெண்ணுடையது, வெளியே போக வேண்டியவன் அவன்தான்.

நடந்தது இது. ரிஸ்ஸா வந்தான். சூடு ஆறாத தாயத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். தெருவில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ள பத்திரமா இருந்துச்சா?"

வாய் ஓயாத அக்முடு, துருத்தியின் மேல் குனிந்துகொண்டான். ரிஸ்ஸா என் பக்கம் திரும்பினான்.

"நீங்களும் இங்கதானே இருந்தீங்க, அண்ணே. பார்த்தீங்களா?"

நான் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதி, அடித்துவிட்டேன். அவன் பில்மாவிலிருந்து திரும்பினானா என்பதையும் சொல்லப் போவதில்லை. அது தெரிந்தால், என் இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய பதில் எளிதாகிவிடும்.

முன்னால் அறுநூறு கிலோமீட்டர் மணல். முகத்தையும் சுற்றிய முண்டாசுக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிகின்றன. உங்களைத்தான் பார்க்கிறான்.