பத்து சதவீதக் குப்பி

அழைப்பு வந்த முகவரியைக் கேட்டதுமே மிரோஸ்லாவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் குடியிருக்கும் அதே ஐந்து மாடிக் கட்டடம், இரண்டாம் வாசல். ஊசி போட்டுக்கொண்ட ஆறு வயதுச் சிறுமிக்கு வலிப்பு என்றார்கள். அந்த வாசல் வீடுகளில் ஊசி போடுகிறவர் ஒருவர்தான்.

"பாவ்லீனாக்காதான். நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு," என்றாள் ஓட்டுநர் ஒஸ்தாப்பிடம்.

"அந்தம்மா கை பட்டா வலிக்கவே வலிக்காதுன்னு என் மாமியார் சத்தியம் பண்ணுவாங்க," என்றான் ஒஸ்தாப்.

"வண்டிய ஓட்டுடா."

இருபத்தைந்து வருடமாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறாள் மிரோஸ்லாவா. பொல்தாவா நகரத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் யாருக்கு இருமல் முற்றினாலும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மாட்டார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் பொடியை வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்ற நர்ஸ் பாவ்லீனாவின் கதவைத் தட்டுவார்கள். அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் போட்டால் உயிர் போகும் வலி. அதனால் மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னில் கரைப்பார்கள். கூலியாக ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய் போதும்.

மூன்றாம் மாடியில் பாவ்லீனா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சிறுமி ஒரிஸ்யா சோபாவில் விறைத்துக் கிடந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. தாய் வீரா குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவ்லீனா சுவரோடு சுவராக நின்றாள். அறுபத்தெட்டு வயது. அயர்ன் செய்த வெள்ளைக் கோட்டு வீட்டிலும் போட்டிருந்தாள்.

"ஊசி போட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம். நாக்கு மரக்குது, காதுல மணி அடிக்குதுன்னா. அப்புறம் இப்படி," என்றாள் வீரா.

மிரோஸ்லாவா ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, நரம்பைப் பிடித்து, வலிப்புக்கு மருந்து ஏற்றினாள். கை கால் தளர்ந்தது. இதயத்துடிப்புக் கருவியை ஒட்டினாள். திரையில் துடிப்புகள் அகலமாகவும் கோணலாகவும் தாறுமாறாக வந்தன.

கை தானாகப் பெட்டிக்குள் போனது. இப்படித் துடிக்கும் இதயத்தை நேராக்க அவள் எத்தனையோ முறை எடுத்த குப்பி, லிடோகெய்ன் பத்து சதவீதம், இதயத்துக்கென்றே வைத்திருப்பது. குப்பி விரலுக்கு வந்தபோதுதான் மேசையில் தட்டில் கிடந்த உடைந்த குப்பிகள் கண்ணில் பட்டன. இரண்டு. அதே நீல எழுத்து, அதே பத்து.

வலிப்பும் இந்தத் துடிப்பும் அதே மருந்து அளவு மீறியதால் வந்தவை. கையிலிருந்ததைப் பெட்டிக்குள்ளேயே போட்டாள்.

"பாவ்லீனாக்கா, ரெண்டையும் முழுசாவா கரைச்சீங்க?"

"எப்பவும் ரெண்டுதான்டி. முப்பது வருஷமா ரெண்டுதான்."

"எப்பவும் ரெண்டு சதவீதம்! இது பத்து. அஞ்சு மடங்கு போட்டிருக்கீங்க, பதினெட்டு கிலோ பிள்ளைக்கு. கண்ணு எங்க வச்சிருந்தீங்க?"

 பாவ்லீனா கோட்டுப் பையைத் தடவினாள், அதில் மூக்குக்கண்ணாடி இல்லை.

"பத்து சதவீதம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது," என்றாள் மிரோஸ்லாவா, ஒஸ்தாப்பிடம் தூக்குப் படுக்கையை விரிக்கச் சைகை காட்டியபடி. "ஆஸ்பத்திரிக்கும் எங்க வண்டிக்கும்தான் வரும். எந்த மடையன் வெளிய கொண்டு வந்தான்?"

வீரா பாவ்லீனாவைப் பார்த்தாள். பாவ்லீனா சொன்னாள், "நான் டவுனுக்குப் போனப்ப வாங்கி வச்சேன். போதுமா? பிள்ளையத் தூக்குங்க முதல்ல."

"இல்லையே," என்றாள் வீரா. குழந்தையின் தலையைத் தாங்கியிருந்ததால் அவள் யாரையும் பார்க்கவில்லை. "இவங்களுக்குத் தீர்ந்து போச்சு. நான்தான் கீழ போய் உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். ஃப்ரிட்ஜ் கதவுல இருந்து எடுத்துக் குடுத்தாரு. உங்க வீட்டுல எப்பவும் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியுமே."

படிக்கட்டில் மிரோஸ்லாவா தூக்குப் படுக்கையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஆம்புலன்ஸ் நிலையத்தில் எல்லோரும் செய்வதுதான். காலாவதி நெருங்கிய குப்பிகள், பாதி தீர்ந்த குப்பி அட்டைகள், ஷிஃப்ட் முடியும்போது பைக்குள் போகும். வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. போன மாதம் எடுத்த லிடோகெய்ன் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை மருத்துவர் செர்ஹீயிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "லிடோகெய்ன், நானூறு மில்லிகிராம், தசையில. ரிதம் கெட்டிருக்கு. இன்னொரு சொட்டு லிடோகெய்ன் போட்டுடாதீங்க."

அளவு தெரிந்ததால் அவர் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. இரத்தத்தில் கலந்த லிடோகெய்னை உறிஞ்சிக்கொள்ளும் கொழுப்புத் திரவத்தை நரம்பு வழியாக ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் திரையில் துடிப்புகள் சீராயின. மாலையில் ஒரிஸ்யா கண் விழித்து, ஊசி வேண்டாம் என்று அழுதாள். வீரா நடைபாதையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நிலையத் தலைவர் அறிக்கைப் படிவத்தை நீட்டினார். "மருந்து எங்கிருந்து வந்துச்சுங்கற இடத்துல தெரியலைன்னு போடு. கிழவி ஊசி போட்டா, கிழவி பாத்துக்குவா. பென்ஷன் வாங்குறவங்கள யாரும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க. உனக்குத்தான் வேலை போகும்."

"உங்க ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்கு, சார்?"

அவர் படிவத்தை மேசையில் வைத்தார். அவள் அங்கேயே நின்று தன் பெயரை எழுதினாள். அட்டை எடுத்த தேதியையும் எழுதினாள். எழுதிய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த குப்பிகளையெல்லாம் ஒரு பையில் அள்ளினாள். கணவன் போஹ்தான், "நானா படிச்சேன்? கேட்டாங்க, குடுத்தேன். நீதானே எப்பவும் குடுக்கச் சொல்லுவ," என்றான். அவனைத் திட்ட வாய் எடுத்தவள் மூடிக்கொண்டாள். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாம் மாடியில் பாவ்லீனா கதவைத் திறந்தாள். இப்போது கோட்டு இல்லை.

"எழுதிட்டியாமே. ஒஸ்தாப் சொன்னான். எதுக்குடி? நான் ஏத்துக்கிட்டேனே."

"உங்கள யாரு ஏத்துக்கச் சொன்னா? இனிமே சிரிஞ்சு உங்க கையில பாத்தேன், நானே போலீஸக் கூப்பிடுவேன்."

"கண்ணாடி இல்லாம எனக்கு நம்பர் தெரியல, மிரோஸ்லாவா."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்," என்றாள் மிரோஸ்லாவா. பை கையில் சலசலத்தது. "உங்ககிட்ட இருக்கற குப்பியெல்லாம் எடுங்க. எல்லாத்தையும்."