வோல்டேஜ் கம்மி

1

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. மனதில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "வோல்டேஜ் கம்மி, அதான்." அதை முதலில் சொன்னது மேல் வீட்டு நந்தகுமாரா, நானா? இரண்டு வருடமாக அதை நந்தகுமாரின் குரலில்தான் கேட்டுவருகிறேன். ஆனால் நினைவில் ஒரு வாக்கியத்துக்குக் குரலை மாற்றி வைப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை.

நடந்தது சின்ன விஷயம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். முதல் மாடியில் நான். இரண்டாவது மாடியில் நந்தகுமாரும் அவர் மனைவி எஸ்தரும். அவர்கள் முன்னறையில் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. கண்டன்சரை மாற்றியதும் வேகமாகச் சுற்றியது. பத்து நிமிட வேலை.

[இதில் கதை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பத்து நிமிடம் எப்போது வந்தது என்பதில் இருக்கிறது.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நந்தகுமாருக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மந்தைவெளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர், மனைவி பலமுறை சொல்லியும்—"

நிறுத்திவிட்டேன். கதை தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

அடுத்தது: "அந்த வருடம் ஏப்ரலில் சென்னையில் அடித்த வெயில்—"

இது பழியை வெயில் மேல் போடுகிறது. வேண்டாம்.

மூன்றாவதாக, எஸ்தரிடமிருந்தே தொடங்குகிறேன். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். மற்ற நாட்களில் முன்னறைக் கட்டிலில், அந்த ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பார். உடம்பெல்லாம் அரிப்பு. காற்று பட்டால் கொஞ்சம் அடங்கும். ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நடுக்கம் வந்துவிடும். ஆக, அந்த ஃபேன் ஒன்றுதான்.

ஒருநாள் நான் போயிருந்தபோது சொன்னார்: "சார், இந்த ஃபேன்ல ஒரு சௌகரியம் கீது. ரெக்கைய எண்ணலாம். நேத்து எண்ணிப் பாத்தேன், மூணுதான்."

"நாலாவது வேணும்னா சொல்லு, வாங்கியாறேன்" என்றார் நந்தகுமார்.

"மொதல்ல இந்த மூணையும் சுத்த வையி. அப்பால பாக்கலாம்."

மூவரும் சிரித்தோம். அதன் பிறகுதான் அந்த வாக்கியம் சொல்லப்பட்டது.

3

சொன்னது நான்.

[மேலே "சொல்லப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.]

ஏப்ரல் பிறந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மிக்சி முனகினாலும் டியூப்லைட் கண்ணடித்தாலும் வோல்டேஜ் கம்மி. யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, மின்வாரிய அலுவலகத்துக்கு ஒரு மனுவும் எழுதினேன். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். கட்டடத்தின் மனுக்களையெல்லாம் நான்தான் எழுதுவது வழக்கம். "நோயாளி ஒருவர் படும் துன்பத்தைக் கருத்தில் கொண்டு" என்று அதில் ஒரு வரி. நந்தகுமார் இரண்டு முறை படித்துவிட்டு, "சூப்பரா எழுதிக்கிறீங்க சார்" என்றார்.

லைன்மேன் வந்து அளந்தார். இருநூற்று இருபத்தெட்டு. "கரண்ட்டு கரெக்டா கீது சார். ஃபேனைப் பாருங்க" என்றார்.

காலையில் அளந்தால் அப்படித்தான் காட்டும், சாயங்காலம் வந்து அளக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் போனதும் இரண்டாவது மனு எழுதினேன். அது முதலாவதைவிட நன்றாக வந்தது.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: அடுத்த வருடம் மே மாதத்தில் ஃபேன் தானாகக் கிளம்புவதையும் நிறுத்திவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. துணி காயப்போடும் கோலால் இறக்கையைத் தள்ளிவிட வேண்டும். நந்தகுமார் தள்ளுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எஸ்தரின் தங்கை டயானா வருவார், அவரும் தள்ளுவார். ஒருநாள் நானும் தள்ளினேன். எஸ்தர் படுத்தபடியே, "இன்னும் கொஞ்சம் சார்" என்றார்.)

எஸ்தர் அந்த ஜூனில் இறந்துபோனார். ஃபேன் அதற்குக் காரணமில்லை.

[இந்தக் கடைசி வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். உண்மைதான். ஆனால் இரண்டு கோடைகள் அவர் அந்தக் கட்டிலில் கிடந்தார் என்பதும் உண்மை.]

4

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. டயானாதான் ஆழ்வார்பேட்டையில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மெஹபூப் பாஷாவைக் கையோடு கூட்டிவந்தார். ஸ்டூல் கேட்டார்கள் என்று என் வீட்டு ஸ்டூலை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

"மாமா, இன்னா இது, ஃபேனா கடிகாரமா?" என்று டயானா நந்தகுமாரை அதட்டிக்கொண்டிருந்தார். "நீயும் இதுக்கடியிலயே படுத்துக்கினு. ஒரு ஆளைக் கூப்ட்டா இன்னா?"

"கூப்புடணும்னுதான் இருந்தேன்" என்றார் நந்தகுமார்.

பாஷா மெயினை அணைத்துவிட்டு ஏறினார். மூடியை இறக்கி உள்ளே பார்த்ததும் சிரித்தார். "கண்டன்சர் பூட்ச்சு சார். வயிறு எப்டி ஊதிக்கீது பாருங்க." கழற்றி மீட்டரில் வைத்தார். "ரெண்டரை காட்டணும். முக்கால்கூடக் காட்டல. கரண்ட் எவ்ளோ வந்தாலும் இத்த வெச்சிக்கினு அது இன்னா பண்ணும், பாவம்."

புதியதைப் பொருத்தி இரண்டு ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினார். மெயினைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. சுவரில் காலண்டர் படபடத்தது. கட்டிலில் மடித்து வைத்திருந்த போர்வையின் ஓரம் அசைந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். இறக்கைகளை எண்ண முடியவில்லை.

பாஷா கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, வேலை முடிந்தவர்கள் பேசும் தோரணையில் கேட்டார்: "இது ஒரே நாள்ல போவாது சார். கொஞ்சங் கொஞ்சமாத்தான் போவும். ரெக்கைல கோல் பட்ட தடம் கீது. தள்ளி வுட்டுக்கினு இருந்தீங்களா? எத்தினி மாசமா?"

நந்தகுமார் டயானாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போன மாசத்துலேர்ந்துதான் பாய்."

போன மாதம் என்றால் ஜூலை. எஸ்தர் இறந்த பிறகு.

"ஆமா பாய்" என்றார் டயானா. "போன மாசம்தான்."

பாஷா என் பக்கம் திரும்பினார். ஸ்டூலை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்காகத்தான் திரும்பியிருக்க வேண்டும். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

"ஜூலையிலிருந்து" என்றேன்.

பாஷா பழைய கண்டன்சரை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். "ஒரு மாசத்துலயா இவ்ளோ ஊதிச்சு?" என்றார். எங்கள் முகங்களைப் பார்த்தார். "இருக்கும் சார், இருக்கும்" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

நந்தகுமார் என் வீட்டுக்கு இறங்கி வந்து, "உங்க மனுவாலதான் சார்" என்று சண்டை போடுகிறார். இரண்டு பக்கம் வந்தது. எழுத எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

"அன்று மாலை டயானா என்னிடம் தனியாக—"

அவர் என்னிடம் தனியாகப் பேசியதே இல்லை.

நான் பாஷாவைத் தேடிப் போய் உண்மையைச் சொல்கிறேன். இதை எழுதவில்லை, செய்தே பார்த்தேன். ஆழ்வார்பேட்டை வரை நடந்தேன். கடையில் கூட்டம். ஒரு பல்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நந்தகுமார் அந்தப் பொய்யை யாருக்காகச் சொன்னார்? அக்காவைப் பறிகொடுத்தவர் முன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா, தானும் கோல் பிடித்தவர் என்று டயானா வருந்தாமல் இருக்கவா, எனக்காகவா? எனக்காக என்று எழுதினால் நான் மன்னிக்கப்பட்டவன் ஆகிவிடுவேன். அதை நான் எழுதக் கூடாது. மூன்றில் எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

6

எஸ்தரை குவிபிள் ஐலண்ட் கல்லறையில், அவர் அம்மாவின் குழியிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். டயானா கணவருக்கு வேலை மாற்றலாகி ஓசூருக்குப் போய்விட்டார். மெஹபூப் பாஷாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, இப்போது உயரத்தில் ஏறுவதில்லை. நந்தகுமார் அக்டோபரில் வீட்டைக் காலி செய்துவிட்டு பெசன்ட் நகரில் அண்ணன் வீட்டு மாடிக்குப் போனார். கடை மந்தைவெளியிலேயே இருக்கிறது. நான் அதே வீட்டில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அவர் கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். நின்று பேசியதில்லை.