தசரதன் தறியில் மீதமிருக்கும் நான்கு சதவீதம்

1
இந்தக் கதை எனக்குக் கண்ணமங்கலத்தில் கிடைத்தது. பஸ் பஞ்சராகி நின்ற ஒரு மணி நேரத்தில், பக்கத்து இருக்கையிலிருந்த பெண் சொன்னாள். அவளுக்கு ஹேமலதா என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

முதல் வரியை மூன்று முறை எழுதிவிட்டேன். ‘ஆரணியில் ஒரு தறி தானாகவே’ — வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் பயப்படத் தயாராகிவிடுவீர்கள். ஹேமலதா தயாராக இருக்கவில்லை.

2
தறிகளில் சென்சார் பொருத்துவது அவள் வேலை. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. ஊடை இழையை நெருக்க நெசவாளர் பலகையை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு அடியையும் அது குறித்துக்கொள்ளும். பட்டு கையால் நெய்ததுதான் என்று வாங்குபவருக்குக் காட்ட அந்தக் கணக்கு வேண்டும்.

(தொழில்நுட்பம் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.) பேட்டரி சின்னது. அதனால் சென்சார் யாரோடும் பேசாமல் கிடக்கும். ஹேமலதா போனோடு பக்கத்தில் போனால் விழித்துக்கொண்டு, மொத்த அளவை முதலில் சொல்லிவிட்டு, சேர்த்ததையெல்லாம் ப்ளூடூத்தில் ஒரே மூச்சில் கொட்டும். பழையது முதலில், புதியது கடைசியில். கொட்டி முடித்ததும் தன்னிடமிருப்பதை அழித்துவிடும்.

3
ஆரணி நெசவாளர் தசரதன் மாரடைப்பில் இறந்து பன்னிரண்டு நாள் கழித்து, அவர் தறியிலிருந்த சென்சாரைக் கழற்ற ஹேமலதா போனாள். அவர் மனைவி கற்பகம் கதவைத் திறந்தாள். தறி வேட்டியால் மூடியிருந்தது.

போனில் தரவு வந்துகொண்டே இருந்தது. அவர் இல்லாத பன்னிரண்டு நாளுக்கும் அடி இருந்தது. பதினோரு அடிக்கு ஒருமுறை சின்ன இடைவெளி. தசரதனுக்குத் தோள்வலி, பல மாதங்களாக அவள் பார்த்துப் பழகிய இடைவெளிதான்.

“அக்கா, தறியில யாராவது உக்காந்தாங்களா?”

“யாரு உக்கார்றது? மூடித்தானே கீது. பக்கத்து வூட்டு பவர்லூம் அதிரும், அதுவா இருக்கும்.”

பவர்லூமுக்குத் தோள் வலிக்காது. ஹேமலதா அதைச் சொல்லாமல், தன் போனைக் காட்டி இடைவெளிகளை மட்டும் தொட்டாள். கற்பகத்துக்குப் புரிந்துவிட்டது. வேட்டியை விலக்கினாள். மகள் பவித்ராவின் கல்யாணச் சேலை, அவர் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.

“அடிச்சிகினே கீறாரு. துணி மட்டும் வளரலியே?” என்றாள்.

(ஒரு வரைவில், கற்பகமே ரகசியமாகத் தறியில் உட்கார்ந்ததாக எழுதினேன். நம்பும்படிதான் இருந்தது. ஆனால் அப்படியானால் துணி ஒரு விரலாவது வளர்ந்திருக்க வேண்டும். கிழித்துவிட்டேன்.)

4
தரவு தொண்ணூற்றாறு சதவீதத்தில் நின்றுவிட்டது. கடைசியாக வந்த அடியின் நேரம்: இன்று, காலை பத்து நாற்பது.

போனின் மூலையில் மணி பத்து நாற்பது.

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

பழையதுதான் முதலில் வரும்; அப்படியானால் மீதி நான்கு சதவீதம் இன்னும் நடக்காத நேரத்தினுடையது.  சென்சாரின் கடிகாரம் முன்பின்னாக ஓடியிருக்கலாம் என்று ஹேமலதா தனக்குள் சொல்லிப் பார்த்தாளாம். சொல்லும்போதே நம்பிக்கை இல்லையாம்.

“மீதிய வாங்கினா என்னா ஆவும்?” என்று கேட்டாள் கற்பகம்.

“இன்னொரு வாட்டி அனுப்பத்தான் பேட்டரியில சார்ஜ் கீதுக்கா. அனுப்பி முடிச்சதும் அதுல எல்லாம் அழிஞ்சிடும்.”

“வாங்காம வுட்டா?”

“பேட்டரி ரெண்டு நாள்ல தானா தீந்துடும்.”

 கற்பகம் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“எங்க அமுக்கணும்னு காட்டு. காட்டிட்டு வெளிய போயி நில்லும்மா.”

ஹேமலதா காட்டினாள். வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

5
ஹேமலதா பஸ்ஸில் சொன்னது இவ்வளவுதான். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

‘கற்பகத்தின் விரல் அந்தப் பொத்தானை’ என்று ஒரு வாக்கியம் தொடங்கி வைத்திருக்கிறேன். ‘உள்ளே பலகை ஒருமுறை’ என்று இன்னொன்று. இரண்டையும் முடிக்கப் போவதில்லை. உள்ளே ஒரு பெண் தன் புருஷனோடு இருக்கிறாள், அல்லது தனியாக இருக்கிறாள். நான் எட்டிப் பார்க்கமாட்டேன்.

நீங்கள் போவதானால், முதலில் கதவைத் தட்டுங்கள்.