ஹுண்டோ என்றால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு பட்டறையில் கிடைத்தது. என் கார் கதவில் விழுந்த கீறலுக்குப் பட்டி வைத்துத் தேய்த்துக்கொண்டே, பெயின்டர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். கீறல் அன்றே மறைந்துவிட்டது. கதை மட்டும் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுதி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

[அக்கா ஜன்னல் வழியே மழையைப் பார்த்தபடி

இந்த வரியை எழுதும்போதே அடித்துவிட்டேன். நோயாளி என்றால் ஜன்னலோரம்தான் உட்கார வேண்டும், வெளியே மழைதான் பெய்ய வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அக்கா உட்கார்ந்திருந்தது கூடத்தில், பிரிட்ஜுக்கு நேர் எதிரே. அதன் கதவை யாராவது சரியாக மூடாவிட்டால் சத்தம் போடுவாள்.

2

சத்தம் என்றால் ஒரே ஒரு சொல்தான். பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு அக்கா வாயில் மிஞ்சியது அதுதான்: ஹுண்டோ. தாய்மொழி மொத்தமும் போய்விட்டது. சிலருக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் மட்டும் தங்கிவிடுவதுண்டு என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள்.

அது எஸ்பெராந்தோச் சொல். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் அக்கா ஆசைப்பட்டு அதைக் கற்றிருந்தாள். ஹுண்டோ என்றால் நாய்.

அவளுடைய பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பொருள் தெரிந்துகொண்ட மறுநாளே தம்பி (நம் பெயின்டர்தான், இனி அவர் தம்பி) ஒரு நாயோடு வந்து நின்றார். அக்கா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நாய் என்றால் ஆகாது. கத்தியதும் அதே சொல்லைத்தான்.

(நாய் இப்போது பட்டறையில் இருக்கிறது. நல்ல நாய்தான், ஆனால் இந்தக் கதையில் அதற்கு இனி வேலை இல்லை.)

3

தம்பி விடுகிற ஆள் இல்லை. அக்காவோடு அந்த மொழியைப் படித்த ஒரு கம்பவுண்டரைத் தேடிப் பிடித்தார். ஹுண்டினோ என்றால் பெண் நாய், ஹுண்டிடோ குட்டி, ஹுண்டேயோ நாய் வளர்க்கும் இடம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். தம்பி அத்தனையையும் அக்கா முன்னால் ஒப்பித்தார். அவள் கொட்டாவி விட்டாள்.

பிறகுதான் அவர் அவள் முகத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். கடைசி எழுத்தை இழுத்தால் தண்ணீர். தொண்டைக்குள்ளேயே சொன்னால் காலைத் திருப்பிப் போட வேண்டும். படபடவென்று இரண்டு தடவை என்றால் பிரிட்ஜ் கதவு. தம்பியின் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது அக்கா மெதுவாக ஒன்று சொல்வாள். அது போய்ட்டு வா.

இந்த மனைவியிடம்தான் எனக்குச் சிக்கல். இவளை வில்லியாக்கினால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும். ஆக்க மாட்டேன். அக்காவைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போய்விட்டது. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்று சொன்னவள் அவள்தான். தம்பி மறுத்தபோது அவள் கத்தவில்லை.

"எனக்கும் இருக்கிறது ரெண்டு கைதாங்க. அண்ணிகிட்டயே கேளுங்க. மாட்டேன்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

4

இடம் பேசி வைத்து, இல்லத்து வண்டியும் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அக்காவிடம் கேட்கும் தைரியம் தம்பிக்கு வந்தது.

"அங்க போறியாக்கா?"

"ஹுண்டோ."

மனைவி காதில் அது சரி என்று விழுந்தது. தம்பி காதில் வேண்டாம் என்று விழுந்தது. அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

"இங்கயே இருக்கியா?"

"ஹுண்டோ."

அதே குரல், அதே முகம். அவர் சேர்த்து வைத்திருந்த அர்த்தங்கள் அத்தனையும் காலை வாரிவிட்டன.

[அக்காவின் கண்களில் நீர் திரண்டு

இல்லை. "அக்கா அழவே இல்ல சார்" என்று பெயின்டர் அடித்துச் சொன்னார்.

[மனைவி மனம் மாறி அக்காவைக் கட்டிக்கொண்டு

மனம் மாறலாம், இடுப்பு மாறாது.

[அக்கா தெளிவான குரலில், "போக மாட்டேன்

அற்புதம் செய்கிற வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை.

நடந்தது இதுதான். தம்பி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியலக்கா. நானே முடிவு பண்றேன். நீ போக வேண்டாம். மத்தியானத்தோட பட்டறைய மூடிட்டு வந்து, தூக்குறது எறக்குறதெல்லாம் நானே பாத்துக்கிறேன். தப்புன்னா என்னைத் திட்டு."

அக்கா அவரையே பார்த்தாள். உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஹுண்... ஹுண்டாச்சோ."

புதுச் சொல். இத்தனை மாதத்தில் முதல் புதுச் சொல். அவர் உடனே கம்பவுண்டரைப் போனில் கூப்பிட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. நடுவில் 'ஆச்' என்று ஒரு துண்டைச் செருகினால் எதுவும் மட்டமாகிவிடுமாம். ஹுண்டாச்சோ என்றால் சொறிநாய்.

தம்பி அழுதுகொண்டே சிரித்தார். மனைவியும் சிரித்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "தப்புன்னா திட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? திட்டிட்டாங்களே."

5

இதற்கு மேல் நடந்ததையும் பெயின்டர் சொன்னார். எழுத மாட்டேன். அவர் முடிவை அவர் எடுத்துவிட்டார், இனி உங்கள் முறை. போக நினைத்தவளைத் தடுத்ததற்கு விழுந்த திட்டா அது? இல்லை, இத்தனை மாதம் கழித்துத் தம்பியைத் திட்ட வாய் கிடைத்த சந்தோஷமா? நானும் அந்தச் சொல்லைப் பல தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டுமே பொருந்துகின்றன.

வண்டி வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். தம்பியும் மனைவியும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். அக்காவை ஏறச் சொல்வீர்களோ, வண்டியைத் திருப்பி அனுப்புவீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் அவள் காதில் விழும்படி சொல்லுங்கள், சொறிநாய் என்று அவள் உங்களையும் திட்டட்டும்.