நல்லா வருது

செபஸ்தியான் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்திருந்தார். அதுவே பெலிண்டாவுக்குப் பெரிய நிம்மதி. மன்னார்புரத்தில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த விளம்பர ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்களிடம், ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள் என்று போனில் எத்தனை முறை சொன்னாலும், வெளியிடத்துக்குப் போகிறோமே என்று பாதிப் பேர் எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டுதான் வருவார்கள். மூளையிலிருந்து மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும் மின்சாரம், டார்ச் பேட்டரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் எண்ணெயும் இருந்தால் அதுவும் வந்து சேராது.

உலோகப் பொட்டுகள் தைத்த துணித்தொப்பியை அவர் தலையில் மாட்டி, ஒவ்வொரு பொட்டின் அடியிலும் பசை வைத்தபடியே அவள் விளக்கினாள். விளக்குவது அவளுக்குப் பிடிக்கும்.

"ஒரு சாம்பார் பொடி விளம்பரம் காட்டுவோம்ணே. பிடிச்சிருக்கான்னு வாயால கேட்டா, காப்பி குடுத்துக் கேக்கறாங்களேன்னு எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. அதான் மூளைகிட்டயே கேட்டுடறது. எந்த எடத்துல கவனம் ஏறுது, எங்க விழுதுன்னு கோடு கோடா வந்துடும்."

"அப்ப மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும்."

"ஓரளவுக்கு."

"ஏதாவது இருந்தா சொல்லுங்க சிஸ்டர். எங்க வீட்டுல லிசி ஒண்ணுமே இல்லேங்கறா."

பெலிண்டா சிரித்தாள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிஸ்டரை விடவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு இதே அலைகளைப் பதிவு செய்யும் வேலையில் பல வருஷம் இருந்தவள் அவள். இங்கே யாரும் பயந்துகொண்டு வருவதில்லை என்பதற்காகவே மாறி வந்தாள்.

அவர் கைலாசபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக லீவு. "நாளைக்குப் போறேன். மேல கூண்டுல நான். கொக்கில இரும்புத் தகடு தொங்கும். கீழ பசங்க பாட்டுக்கு நடந்துட்டிருப்பானுங்க" என்றார்.

திரையில் கோடுகள் நடுங்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கின.

"நல்லா வருது" என்றாள்.

"நல்லா வருதா?"

"ரொம்ப நல்லா வருதுண்ணே."

அவர் தோள்கள் தளர்ந்தன. ஏசி ஒத்துக்கொண்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விளம்பரத்தில் மருமகள் குக்கர் மூடியைத் திறந்தாள், ஆவி எழுந்தது. அப்போதுதான் இடது நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கோடுகள் மாறின. கண் இமைத்தால் கோட்டில் ஒரு மேடு வரும். பல்லைக் கடித்தால் கிறுக்கல் வரும். இது இரண்டுமில்லை. ஒரு கூர்முனை, பின்னால் ஒரு சோம்பலான அலை; மறுபடியும் கூர்முனை, மறுபடியும் அலை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் நின்றிருந்தது. இடது கை சட்டைப் பொத்தானைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே."

அவர் திரும்பவில்லை. மாமியார் சாப்பிட்டாள், பாராட்டினாள், பாக்கெட் வந்து நின்றது, விளம்பரம் முடிந்தது. சற்றுப் பொறுத்து அவர் உதட்டை நக்கிக்கொண்டார்.

"போடுங்க சிஸ்டர், நான் ரெடி."

கம்ப்யூட்டர் அந்த இடத்துக்கு 'உடல் அசைவு' என்று தானே பெயர் வைத்து, வெட்டி எறிந்து, இரண்டு நுனிகளையும் ஒட்டவைத்தது. பார்க்கிறவர்களுக்கு ஒட்டின இடம் தெரியாது.

மேலாளர் ஜெய்சங்கர் அறையில் அவள் பாதிதான் சொல்லியிருப்பாள்.

"தூக்கிருங்க. வேற ஆள் போட்டுக்கலாம்."

"சார், இது வலிப்பு மாதிரி இருக்கு. அவரு கிரேன் ஓட்டறவரு."

"நாம டாக்டரா பெலிண்டா? அவருக்குச் சாம்பார் பொடி பிடிச்சிருக்கா இல்லையா, நம்ம கேள்வி அவ்ளோதான். நீங்க சொல்லி அவர் வேலை போச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"சொல்லாம விட்டா?"

அவர் போனை எடுத்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்தபோது, ஈரத்தலையைத் துண்டால் துடைத்தபடி செபஸ்தியான் போனில் பேசிக்கொண்டிருந்தார். "நல்லா வருதுன்னுட்டாங்க லிசி. ரெண்டு தடவ கேட்டுட்டேன். ரொம்ப நல்லா வருதாம். இனிமே சும்மா சும்மா அழுதுட்டிருக்காத."

அவர் போனை வைக்கும்வரை பெலிண்டா நின்றாள்.

"அண்ணே, நான் நல்லா வருதுன்னது மெஷினுக்குச் சிக்னல் வர்றதைத்தான். உங்களைச் சொல்லல."

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"விளம்பரம் ஓடுச்சுல்ல, அப்ப கொஞ்ச நேரம் நீங்க இங்க இல்ல."

"நான் எங்கயும் போகலியே."

"மருமக என்ன கலர் சேலை?"

அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.

"நரம்பு டாக்டர்கிட்ட போங்கண்ணே. மாத்திரையிலயே சரியாகலாம். அதுவரைக்கும் மேல ஏறாதீங்க."

"டாக்டர் எழுதிருவாரு. எழுதினா கம்பெனிக்குப் போயிரும்." குரல் தணிந்தது. "இங்கயும் ஆஸ்பத்திரில இருக்கற அதே மெஷின்தான், பேரு கேக்க மாட்டாங்க, நம்பர்தான்னு ஒருத்தன் சொன்னான். அதான் வந்தேன். நீங்க டாக்டர் இல்லைல்ல?"

"இல்லண்ணே."

"அப்பச் சரி."

"வண்டியையாவது விட்டுட்டு ஆட்டோல போங்க."

அன்பளிப்பாகக் கொடுத்த சாம்பார் பொடிப் பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே அவர் பைக்கைக் கிளப்பி, சந்திப்பு சிக்னலில் போய், ஒரு காலை ஊன்றி நின்றார். அவர் பின்னந்தலையில் பசையின் வெள்ளைத் திட்டு ஒன்று துடைபடாமல் இருந்தது.

பச்சை சிக்னல் விழுந்தது. ஆட்டோக்கள் சீறிக்கொண்டு போயின. அவர் நகரவில்லை. சேலையின் நிறத்தை நினைத்துப் பார்க்கிறாரா, அல்லது மறுபடியும் அங்கே இல்லையா? இத்தனை தூரத்திலிருந்து, தொப்பியும் கோடுகளும் இல்லாமல், அது யாருக்கும் தெரிய வழியில்லை. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. வண்டிகள் அவருக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போய், முன்னால் மறுபடி ஒன்றுசேர்ந்துகொண்டிருந்தன.